முப்பத்தோரு வாரேன்

நாற்காலியிலிருந்து எழுந்து, கழற்றிப் போட்ட செருப்பைக் காலால் துழாவி மாட்டிக்கொண்டு, கதவருகே ஒரு தரம் திரும்பி, "வாரேன்" என்று சொல்லிவிட்டு டெல்பின் அக்கா வெளியே போனாள். சுவரில் பச்சை விளக்கு எரிந்தது.

"அடுத்த அமர்வுக்குச் சம்மதம் பதிவு செய்யப்பட்டது. நன்றி" என்றது மெஷின்.

அது முப்பத்தோராவது அமர்வு. முப்பத்தோரு முறையும் நான் அதே அறையில்தான் இருந்தேன். முப்பது முறை எனக்கு எதுவும் உறைக்கவில்லை. அவளுடைய படகு நேரத்துக்கு வந்திருந்தால் அன்றைக்கும் உறைத்திருக்காது.

என் வேலையை முதலில் சொல்லிவிடுகிறேன். தூத்துக்குடியில் உப்புக் கிடங்குகளுக்கு நடுவே, பெயர்ப்பலகை இல்லாத ஓர் ஆய்வகம். வெளிநாட்டு வாசனைத் திரவியக் கம்பெனி ஒன்றுக்குச் சொந்தம். வருகிறவர்களை நாற்காலியில் உட்கார வைத்துத் தலையில் தொப்பி மாட்டுவது, பூவை மூக்கருகே நீட்டுவது, திரையில் ஓடும் கோட்டைப் பார்த்துக்கொண்டிருப்பது. அவ்வளவுதான். என்ஜினியரிங்கை மூன்றாம் ஆண்டில் விட்டுவிட்டு, ஐந்து வருடம் ராத்திரி ஷிப்டில் காதில் ஹெட்போனோடு கிடந்தவனுக்கு, வெயிலில் வேலைக்குப் போவதே பதவி உயர்வு.

கம்பெனி கொண்டுவர இருந்த வாசனையின் பெயர் 'வெயில்தீவு'. விளம்பரம் கூடத் தயாராகிவிட்டது. 'கவலையில்லாத தீவு. கழுத்தில் இரண்டு சொட்டு.' புன்னைப்பூ, கொஞ்சம் தாழம்பூ, அடியில் உப்புக்காற்று. பூ வாசனையை எவனும் செய்வான். இவர்கள் விற்க நினைத்தது வாசனைக்கு அடியில் இருக்கும் ஒன்றை.

நான் சேர்ந்த அன்று டாக்டர் பானுரேகா அதை விளக்கினார். ஆய்வகத்துக்கு அவர்தான் தலைவர். சென்னைக்காரர். பேசும்போது பேனா மூடியைக் கழற்றிக் கழற்றி மாட்டுவார்.

"ஒரு பூவை மோந்தா மூக்குல ஒண்ணு நடக்கும், மனசுல ஒண்ணு நடக்கும். மூக்குல நடக்கறது எல்லாருக்கும் ஒண்ணுதான். மனசுல நடக்கறது ஆளுக்கு ஆள் வேற. நாம எடுக்கறது ரெண்டாவதை."

"எடுத்து என்ன மேடம் பண்ணுவோம்?"

"அதே மாதிரி இன்னொருத்தர் மனசுல நடக்க வைக்கற ஒரு மூலக்கூறு கட்டுவோம். சாவி மாதிரி. பூ வாசனைக்குள்ள சாவியை ஒளிச்சு வச்சா முடிஞ்சுது. எங்கயோ பனி கொட்டற ஊர்ல ஒரு பொம்பளை கழுத்துல தடவுவா. தீவுல மரத்தடியில மல்லாந்து கிடக்கற ஒருத்தியோட நிம்மதி அவளுக்கு வரும்."

"கிடக்கறவளுக்கு?"

"அவளுக்கு என்ன?"

"அவளுக்கு என்ன ஆகும்னு கேட்டேன் மேடம்."

மூடி இரண்டு தரம் டிக் டிக் என்றது. "எடுக்க எடுக்கத் தேயும். ஒரே கேசட்டைப் போட்டுப் போட்டுக் கேட்டா தேயுமே, அந்த மாதிரி. மொத்தம் முப்பத்தாறு தடவை. முடியறப்ப அந்த ஒரு பூ, அந்த ஒரு நினைப்பு, அது மட்டும் இருக்காது. கண்ணு போகுதா, காது போகுதா? எல்லாத்தையும் சொல்லித்தான் கையெழுத்து வாங்கறோம்."

நியாயமாகத்தான் பட்டது. எனக்கு அப்போது எந்தப் பூவின் மேலும் எந்த நினைப்பும் கிடையாது.

தீவு என்றால் புன்னைத்தீவு. கரையிலிருந்து பேட்டரிப் படகில் முக்கால் மணி நேரம். இருபது வருடமாக அங்கே ஊரை விட்டவர்கள் வந்து தங்குகிறார்கள். கிடார்க்காரர்கள், சடைமுடிக்காரர்கள், வேலையை எறிந்த ஐடிக்காரர்கள், நிர்வாணமாகக் குளித்துவிட்டு வந்து தத்துவம் பேசுகிறவர்கள். கம்பெனி முதலில் அவர்களைத்தான் நாற்காலியில் உட்கார வைத்தது. நூற்றுப் பதினான்கு பேர். ஒருவர் கோடும் தேறவில்லை. சட்டை போடாமல் திரிகிறவன் மனதுக்குள் போன் சார்ஜ் இறங்கிக்கொண்டிருந்தது. பத்து வருடம் மௌனம் காத்தவள் யாரிடமோ ஓயாமல் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள்.

டெல்பின் அக்காவை யாரும் கூப்பிடவில்லை. மரிய டெல்பின், நாற்பத்தோரு வயது. தீவில் தனிக்குடிசை. படகுகளுக்குப் பெயர் எழுதுகிற வேலை. கம்பெனிப் படகில் பெயர் எழுத வந்தவள் கை கழுவ உள்ளே வந்தாள். மேஜையில் இருந்த புன்னைப்பூவை எடுத்து மோந்து பார்த்துவிட்டு, "இதைப் பாக்கவால இத்தனை மெஷினு?" என்றாள்.

"சும்மா ஒரு தரம் உக்காருங்கக்கா" என்று தொப்பியை மாட்டியது நான்தான்.

திரையில் கோடு இரண்டு முறை துள்ளியது. பிறகு இறங்கியது. இறங்கி, கழிமுகத் தண்ணீர் மாதிரி படுத்துக்கொண்டது. டாக்டர் டீ டம்ளரைக் கீழே வைத்ததைப் பார்த்தேன். குடிக்கவில்லை, வைத்தார்.

அன்றிலிருந்து வாரம் இரண்டு நாள் அக்கா வந்தாள். காலையில் தானே பறித்த பூவை ஓலைப்பெட்டியில் கொண்டுவருவாள். உட்காருவாள், மோப்பாள், டீ குடிப்பாள், போவாள். "உக்காந்து பூ மோக்கதுக்கு ஒரு வேலையால? எங்க ஊர்ல சொன்னா சிரிப்பாவ" என்பாள்.

ஒவ்வொரு அமர்வின் முடிவிலும் மெஷின் கேட்கும். "அடுத்த அமர்வு குறித்து உங்கள் விருப்பத்தைச் சொல்லுங்கள்." ரயில் நிலைய அறிவிப்பு மாதிரி. யாரும் காதில் வாங்குவதில்லை. ஆனால் சட்டம் அதைத்தான் கேட்கிறது. கொடுப்பவர் தன் வாயால், தன் பேச்சில், ஒவ்வொரு முறையும் சம்மதம் சொல்ல வேண்டும். அந்தக் குரல் அப்போதே பாரிஸில் ஒரு பதிவகத்துக்குப் போய்விடும். நாங்கள் யாரும் அதில் கைவைக்க முடியாது. ஒரே ஒரு மறுப்பு விழுந்தாலும் எடுத்ததை எல்லாம் கொடுத்தவருக்கே திருப்பிவிட்டு, மீதியை அழித்துவிட வேண்டும்.

இருபது அமர்வு முடிந்ததும் நாற்பது மாதிரிப் பாட்டில்கள் செய்து பெரிய மனிதர்களுக்கு அனுப்பினார்கள். டாக்டர் கடிதங்களை வாசித்து வாசித்துச் சிரித்தார்.

"கேளு இசக்கி. ஒருத்தர் பேங்க் டைரக்டர். போட்ட மூணாம் நாள் ராஜினாமா பண்ணிட்டாராம். இன்னொரு அம்மா இருபத்திரெண்டு வருஷக் கல்யாணத்துல இருந்து வெளிய வந்துட்டாங்களாம். ஒருத்தன் தன் பியானோவை பஸ் ஸ்டாண்டுல விட்டுட்டுப் போயிட்டான். மொத்தம் பதினொரு ராஜினாமா. நாடோடி மனசுன்னு கேட்டாங்க, குடுத்துட்டோம்!"

"நீங்க போட்டுப் பாக்கலையா மேடம்?"

அவர் மேஜையிலும் ஒரு பாட்டில் இருந்தது. திறக்காமல். "எனக்கு ரெண்டு பசங்களுக்கு ஸ்கூல் இருக்குப்பா" என்றார்.

முப்பத்தோராவது அமர்வுக்கு வருகிறேன்.

அன்று பூவை நீட்டியதும் அக்கா மோந்தாள். திரும்ப மோந்தாள். "தண்ணியவால காட்டுத?" என்றாள்.

"பூ பழசாயிருக்கும்க்கா."

"விடிய நான்தாம்ல பறிச்சேன்."

திரையில் கோடு கிடந்தது. அமைதியாகக் கிடப்பதற்கும் செத்துக் கிடப்பதற்கும் கோட்டில் வித்தியாசம் தெரியும். நான் அமர்வை முடித்தேன். அவள் வாரேன் என்றாள். பச்சை எரிந்தது.

வெளியே படகு வரவில்லை. கம்பெனிப் படகில் பேட்டரிக் கோளாறு. அவளைக் கூட்டிப்போக மீனவர் மச்சாது அண்ணாச்சி தன் படகில் வந்துகொண்டிருந்தார். அதுவரை அவள் வராந்தாவில் உட்கார்ந்திருந்தாள். டீ கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"இன்னும் எத்தனை வாட்டி தம்பி?"

"அஞ்சு."

"போதும்னு நினைக்கேன்."

"அப்புறம் ஏங்க்கா சம்மதம் சொல்லுதிய?"

டம்ளரைத் தரையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை. குழப்பம்தான். "நானும் அதத்தாம்ல கேக்கணும்னு இருந்தேன். நீங்கதான் வாட்டிவாட்டிக்கு 'நீங்க சம்மதிச்சிட்டிய'ன்னு படகை அனுப்புதிய. நான் எப்பல சம்மதிச்சேன்? எனக்குப் புத்தி கெட்டுப்போச்சோன்னு பாக்கேன்."

அதற்குள் மச்சாது அண்ணாச்சி வந்து சேர்ந்தார். அறுபது வயது, குரல் மட்டும் கடலுக்கு நடுவில் நிற்கிற குரல். வந்ததும் என்னைப் பிடித்துக்கொண்டார். "ஏ, மெஷின்காரத் தம்பி! இவளை என்னல பண்ணுனிய? என் படகுல பேரு எழுதியிருக்கா, வந்து பாரு."

படித்துறையில் கிடந்த படகைப் பார்த்தேன். 'அடைக்கல மாதா'. நீலத்தில் வெள்ளை எழுத்து. அழகாகத்தான் இருந்தது.

"நல்லாத்தான இருக்கு அண்ணாச்சி. நேரா இருக்கு."

"அதாம்ல நானும் சொல்லுதேன்! நேரா இருக்கு! இவ எழுத்து எந்தக் காலத்துல நேரா நின்னுச்சு? 'மா'வுக்குக் காலு மீனு வாலு மாதிரி ஓடும். 'ட'வைப் போட்டான்னா அலையில ஏறுத மாதிரி சாயும். ஒரு மைலு தள்ளி வந்தாலும் டெல்பின் எழுத்துன்னு தெரியும். இது என்ன, ரேஷன் கார்டா?"

அக்கா தன் எழுத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். "சொன்ன பேரைத்தான எழுதியிருக்கேன்" என்றாள். அவளுக்கு நிஜமாகவே வித்தியாசம் தெரியவில்லை.

நான் உள்ளே ஓடினேன். சம்மதப் பதிவுகளை வரிசையாகத் திறந்து, ஒலியைக் கூட்டிக் கேட்டேன்.

"வாரேன்."

"சரி வாரேன் தம்பி."

"வரட்டா?"

"பெட்டிய எடுத்துக்கிட்டேன். வாரேன்."

"வாரேன்ல."

முப்பத்தொன்று. ஒன்றில்கூட 'சம்மதம்' இல்லை. 'வரட்டா?' என்பதற்குப் பக்கத்தில் 'உறுதியான சம்மதம்' என்று போட்டிருந்தது.

கிளம்புகிறவர் போறேன் என்று சொல்வதில்லை. கடைக்குப் போறேன், கோயிலுக்குப் போறேன், அது வேறு. வாசலில் நின்று விடைபெறும்போது வெறும் 'போறேன்' வாயில் வராது. இழவு வீட்டிலிருந்து சொல்லாமல் கிளம்புவோம். மற்ற எல்லா வீட்டிலும் வாரேன்தான். இதைத் தமிழ் பேசுகிற எவனுக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. எனக்கும் தெரியும். பிறந்ததிலிருந்து தெரியும். தெரிந்த காரணத்தால்தான் ஒரு நாளும் அதை யோசித்ததில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த மெஷினுக்குத் தமிழ் சொல்லிக் கொடுத்தவர்களில் நானும் ஒருவன். ராத்திரி ஷிப்டில் ஐந்து வருடம் செய்தது அந்த வேலைதான். இரண்டு நொடிக் குரல் துண்டு காதில் விழும். திரையில் மூன்று பெட்டி இருக்கும். சம்மதம், மறுப்பு, இரண்டுமில்லை. ஒன்றை அமுக்க வேண்டும். ஆஸ்பத்திரி, பேங்க், பள்ளிக்கூடம் என்று எங்கெங்கோ பேசிய குரல்கள். 'நாளைக்கு வர்றீங்களா?' 'வாரேன்.' சம்மதம். அடுத்தது. 'வாரேன்.' சம்மதம். முன்னால் என்ன பேசினார்கள், போனை வைக்கப் போகிறார்களா என்று எதுவும் தெரியாது. விடியும்போது விரல் தானாக அமுக்கும். எத்தனை ஆயிரம் வாரேன்களை அந்தப் பெட்டியில் போட்டேன் என்று தெரியாது.

டாக்டரிடம் போனேன். என் பழைய ராத்திரி வேலையைச் சொல்லி, பதிவுகளைப் போட்டுக் காட்டினேன். நாலாவது 'வாரேன்'லேயே அவருக்குப் புரிந்துவிட்டது. மூடியின் டிக் டிக் நின்றுவிட்டது.

"பாரிஸ்ல எவனுக்கும் இது தெரியாது" என்றார்.

"நமக்குத் தெரியுமே மேடம்."

"அவங்க முதல் நாள் கையெழுத்துப் போட்டாங்க. டீ குடிச்சுட்டு சிரிச்சுப் பேசிட்டுத்தான் இருந்தாங்க."

"டீ குடிச்சது சம்மதமா மேடம்?"

"நீ மட்டும் ரொம்ப யோக்கியமா? சம்மதம்னு பெட்டியில போட்டது யாரு? நானா?"

அவர் எழுந்து ஜன்னலருகே போனார். கத்தவில்லை. "இங்க பாரு இசக்கி. நாலு வருஷம் என் வாழ்க்கை இதுல இருக்கு. நாளைக்கு அவங்களைக் கூட்டிட்டு வா. தெளிவா ஒரே ஒரு 'சரி' சொல்லச் சொல்லு. அந்த ஒரு 'சரி' பழசை எல்லாம் மூடிடும். அப்புறம் அஞ்சு அமர்வு. அதோட அவங்க வீட்டுக்கு, நாம வீட்டுக்கு."

மறுநாள் காலை படித்துறையில் அக்காவுக்காக நின்றேன். அவள் இறங்கியதும் நடந்ததைச் சொன்னேன். என் ராத்திரி வேலையையும் சொன்னேன். அவள் சிரித்தாள். கொஞ்ச நாளாகச் சிரிப்பு அவள் வாயோடு நின்றுவிட்டிருந்தது.

"அப்ப நான் 'வாரேன்'னு சொல்லச் சொல்ல அது வரச்சொல்லுதா! நல்ல கூத்தா இருக்கே."

"அக்கா, விளையாட்டு இல்ல. இப்ப உள்ள போனதும் அது கேக்கும். 'மாட்டேன்'னு சொல்லிருங்க. அவ்வளவுதான், எல்லாம் உங்களுக்குத் திரும்பி வந்துரும்."

"டாக்டரம்மா முன்னாலயா?"

"ஆமா."

"மூஞ்சிக்கு நேரா எப்படில மாட்டேன்னு சொல்ல? என்ன இருந்தாலும் அந்தம்மா மரியாதையா நடத்துனாவ. பெருநாளுக்குச் சேலை எடுத்துத் தந்தாவ."

"உங்க மூளையைத் தேய்ச்சுக்கிட்டு இருக்காவக்கா!"

"அது சரிதான். இருந்தாலும்." அவள் பூப்பெட்டியைக் கைமாற்றினாள். "மாட்டேன் தவிர வேற என்ன சொன்னா அதுக்கு விளங்கும்?"

யோசித்தேன். வேண்டாம், இல்லை, முடியாது. எல்லாம் அவளுக்கு மூஞ்சிக்கு நேர் வார்த்தைகள்தான். அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஐந்து வருடத்தில் அபூர்வமாக விழுந்த ஒரு துண்டு. முன்னே பின்னே எதுவும் இல்லாமல் தனியாக வரும் வெறும் 'போறேன்'. மொத்தமாகப் பத்துப் பதினைந்து இருந்தால் அதிகம். ஒவ்வொன்றும் கேட்கும்போதே முதுகு சிலிர்க்கும். அத்தனையையும் மறுப்புப் பெட்டியில்தான் போட்டிருந்தேன்.

"போறேன்னு சொன்னா விளங்கும்க்கா. அந்த ஒரு வார்த்தை."

அக்கா நடப்பதை நிறுத்தினாள்.

"அது நான் ஒரே ஒரு வாட்டிதாம்ல சொல்லியிருக்கேன்" என்றாள்.

படித்துறைக் கல்லில் உட்கார்ந்து சொன்னாள். பதினாறு வருடத்துக்கு முன்னால், புருஷன் வீட்டிலிருந்து கிளம்பிய நாள். ஒரு மாற்றுச் சேலையைப் பையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்று, "போறேன்" என்றாள். புருஷன் ஒன்றும் சொல்லவில்லை. மாமியார்தான் ஓடிவந்து கத்தினாள். நாக்கைக் கடி, போறேன்னா சொல்லுத, போயிட்டு வாரேன்னு சொல்லுடி, குடும்பத்துக்கு ஆகாது. அவள் வீட்டை விட்டுப் போவது பற்றி மாமியாருக்குக் கவலை இல்லை. வார்த்தைதான் பிரச்சினை. தெருமுனை வரைக்கும் பின்னாலேயே வந்தாளாம், போயிட்டு வாரேன்னு சொல்லிட்டுப் போடி என்று. இவள் சொல்லவில்லை. அங்கிருந்து படித்துறை. படித்துறையில் ஒரு புன்னை. பூவாகக் கொட்டிக் கிடந்தது. படகு வரும்வரை அதன் கீழே மல்லாந்து படுத்திருந்தாள்.

"அன்னைக்குத்தாம்ல தீவுக்கு வந்தேன். அதுக்கு அப்புறம் புன்னைப்பூவை மோந்தா அந்த மத்தியானம் வரும். இனி எங்கயும் திரும்பிப் போவாண்டாம்னு இருக்கும். படகுல பேரு எழுதும்போதும் அதத்தான் நினைச்சுக்கிட்டு எழுதுவேன்."

இதைச் சொல்லும்போது அவள் முகத்தில் ஒன்றும் இல்லை. அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்வது போல் சொன்னாள். எனக்கு அதுதான் பயமாக இருந்தது. இன்னும் ஐந்து அமர்வு போனால் அந்த மத்தியானமே அவளிடம் இருக்காது. மாமியார் வீட்டிலிருந்து தான் எப்படி வந்தோம் என்பதே ஏதோ கேள்விப்பட்ட கதையாகிவிடும்.

பேங்க் டைரக்டரும் பியானோக்காரனும் நினைவுக்கு வந்தார்கள். நாங்கள் பாட்டிலில் அடைத்தது தீவும் இல்லை, வெயிலும் இல்லை.

உள்ளே போனோம். டாக்டர் கதவு வரை வந்து வரவேற்றார். அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். "அக்கா, இன்னைக்குப் பூ எதுவும் மோக்க வேண்டாம். மெஷின் கேக்கறப்ப ஒரே ஒரு 'சரி' சொல்லுங்க. அது போதும்." குரல் கெஞ்சியது. நான் சேர்ந்ததிலிருந்து அந்தக் குரலை அன்றுதான் கேட்டேன்.

அக்கா நாற்காலியில் உட்காரவில்லை. பக்கத்தில் நின்றாள்.

"அடுத்த அமர்வு குறித்து உங்கள் விருப்பத்தைச் சொல்லுங்கள்" என்றது மெஷின்.

அக்கா டாக்டரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகினாள்.

"சரி" என்றாள்.

பச்சை எரிந்தது. டாக்டர் கண்ணை மூடி மூச்சு விட்டார்.

"சரி, போறேன்."

பச்சை அணைந்தது. மஞ்சள் வந்தது. "தெளிவாக இல்லை. மீண்டும் சொல்லுங்கள்."

"ஐயோ அக்கா, போயிட்டு வரேன்னு சொல்லுங்க!" என்றார் டாக்டர். பதறி, தன்னை மறந்து, தாய்மொழியிலிருந்து நேராக வந்த பதற்றம் அது. சொன்னபிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவருக்கே தெரிந்தது. வாயைப் பொத்திக்கொண்டார்.

அக்கா அவரைத் திரும்பிப் பார்த்தாள். பதினாறு வருடத்துக்கு முந்தைய வாசலில் நிற்பவள் மாதிரி முதுகு நிமிர்ந்தது.

"போறேன்" என்றாள்.

சிவப்பு.

"மறுப்பு பதிவு செய்யப்பட்டது. எடுக்கப்பட்டவை திருப்பி அளிக்கப்பட வேண்டும். நன்றி."

டாக்டர் தலைகுனிந்து நின்றார். பிறகு அலமாரியைத் திறந்து, அக்காவிடம் எடுத்ததெல்லாம் சேர்ந்திருந்த அடர்த்திக் குப்பியை எடுத்தார். அதை வேறு யாரிடமும் கொடுக்கவில்லை. தானே அக்காவை நாற்காலியில் உட்கார வைத்து, தானே தொப்பியை மாட்டி, தானே பஞ்சில் நனைத்து மூக்கருகே பிடித்தார். பதின்மூன்று நிமிடம். கை வலித்திருக்கும். மாற்றவில்லை.

திரையில் கோடு முதலில் அசையவில்லை. நான் மனதுக்குள் யாரையோ வேண்டிக்கொண்டேன். ஆறாவது நிமிடத்தில் ஒரு சின்னத் துள்ளல். அப்புறம் இன்னொன்று. பிறகு கோடு மெல்ல இறங்கி, முதல் நாள் பார்த்த மாதிரி, தண்ணீராகப் படுத்துக்கொண்டது.

அக்கா கண்ணைத் திறந்தாள். ஒரு நொடி எங்களைப் பார்த்தாள். அப்புறம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"ஏல, எங்க மாமியா எச்சி தெறிச்சது கூட ஞாவகம் வருதுல!"

டாக்டர் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். "இதுவா உள்ள இருந்தது?" என்று கேட்டார். நான் ஆமாம் என்றேன். படித்துறைக் கதையை அக்காவே மறுபடி சொன்னாள். இந்த முறை கையை ஆட்டி, மாமியார் குரலில் கத்தி, தெருமுனை வரைக்கும் நடந்து காட்டிச் சொன்னாள். டாக்டர் சிரித்தார். சிரிக்கும்போதே கண்ணைத் துடைத்துக்கொண்டார். மேஜையில் இருந்த தன் பாட்டிலை எடுத்து, திறக்காமலேயே, அழிக்க வேண்டியவற்றோடு சேர்த்து வைத்தார்.

அந்த நாற்பது பாட்டில்களையும் திரும்ப வாங்கக் கம்பெனி ஆள் அனுப்பியது. பாதிப் பேர் கொடுத்த முகவரியில் இல்லை.

'வெயில்தீவு' பிற்பாடு கடைக்கு வந்தது, வெறும் புன்னைப்பூவாக. நன்றாகவே விற்கிறது என்கிறார்கள். அதைப் போட்டுக்கொண்டு யாரும் யாரையும் விட்டுப் போனதாகத் தகவல் இல்லை. டாக்டர் இப்போது பழைய கம்பெனியில் இல்லை. குரல் மெஷின்களில் எந்தெந்த மொழியில் எந்தெந்த வார்த்தை தப்பான பெட்டியில் கிடக்கிறது என்று தேடும் வேலை. அவ்வப்போது எனக்குப் போன் செய்து கேட்பார். "'பாக்கலாம்'னா அது சம்மதமா, மறுப்பா?" மறுப்பு மேடம், சந்தேகமே வேண்டாம் என்பேன்.

என் வேலை அன்றே போய்விட்டது. அன்று மதியம் அக்காவைப் படகேற்ற நானும் படித்துறைக்குப் போனேன். மச்சாது அண்ணாச்சி கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார். "பேரை அழிச்சுட்டு மறுபடி எழுதுவியா, இல்ல இந்த ரேஷன் கார்டோடதான் நான் கடலுக்குப் போவணுமா?" என்றார்.

"எழுதுதேன், எழுதுதேன். கத்தாதியும்."

படகில் ஏறி நின்று ஓலைப்பெட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டாள். மன்னிப்புக் கேட்கலாம் என்று நினைத்தேன். அவள் அதற்கு இடம் கொடுக்கவில்லை.

"வாரேன்ல தம்பி" என்றாள்.

எல்லோரும் சொல்வதுதான். நானும் எல்லோரையும் போல, "சரிக்கா" என்று கையை ஆட்டினேன். படகு சிறுத்து மறையும்வரை நின்றேன். இனி இவளைப் பார்க்கப் போவதில்லை என்றுதான் எண்ணிக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். வருத்தமாக இல்லை. தோளிலிருந்து எதையோ இறக்கி வைத்த மாதிரி இருந்தது.

வியாழக்கிழமை காலை என் வீட்டுக் கதவை யாரோ தட்டினார்கள். திறந்தால், கையில் பெயிண்ட் டின்னும் சுரண்டுகிற தகடுமாக டெல்பின் அக்கா நிற்கிறாள்.

"சும்மாத்தான இருக்க? கிளம்பு. மச்சாது படகுல பழைய எழுத்தைச் சுரண்டணும். தனியா ஆவாது."

"என்னக்கா, சொல்லாம கொள்ளாம?"

"சொல்லிட்டுத்தானல போனேன்? வாரேன்னு."

மெஷின் கேட்டிருந்தால் சம்மதம் என்று போட்டிருக்கும். அந்த ஒரு தடவை சரியாக இருந்திருக்கும். நான் செருப்பைத் தேடினேன்.